மணிக்குத் தனிச் சட்டி

"கடைசியாக என்ன சாப்பிட்டது?" கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். சோறும் குழம்பும். கடைச் சாப்பாடெல்லாம் கொடுக்கிறதில்லை," என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"குழம்பில் என்னென்ன போடுவீர்கள், ஆண்டி?"

அம்மா விரல்விட்டு எண்ணினார். சின்ன வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். மருத்துவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் முதல் மூன்றையும் வட்டமிட்டார். பிறகு மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, வெளுத்த துணி மாதிரி இருந்தது.

இது நடந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. அந்த வாரம் வீடு நிறைய சொந்தக்காரர்கள். பெரிய சட்டியில் வெங்காயக் காரக்குழம்பு. எல்லாரும் கிளம்பிய பிறகு அடியில் கெட்டியாக நின்றுபோன குழம்பை, வெங்காயத்தோடு சேர்த்துப் பிசைந்து, மூன்று நாள் மணிக்கு வைத்தார் அம்மா. மணியும் தட்டை நக்கிப் பளபளப்பாக்கியது. நான்காம் நாள் எழுந்திருக்கவில்லை. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது.

இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு நாள் கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள். இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை, பிழைத்துக்கொண்டது. பில் சில நூறு வெள்ளி. அது பெரிதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா மணியின் தட்டுப் பக்கமே போகவில்லை, அதுதான் பெரிது. "என் கையால இனிமே அதுக்கு எதுவும் வேணாம்யா," என்று சொல்லிவிட்டார். ஜெலுத்தோங் பக்கம் ஒரு வரிசை வீட்டில் மூன்று பேரும் ஒரு நாயுமாக வாழும் குடும்பத்தில், அந்த ஒரு வாக்கியம் பல வாரம் கனத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நாய்ச் சாப்பாட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டவைதான் இந்த வாரம். நம் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இன்னும் அம்மா செய்ததையே செய்கிறார்கள், அதுவும் பாசத்தோடு.

நம் குழம்பும் நாயின் இரத்தமும்

வெங்காயம், பூண்டு இரண்டும் ஒரே இனம். அவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நமக்கு வாசனை, நாய்க்கு நஞ்சு. அவை சிவப்பணுக்களைத் தாக்கி, பலவீனப்படுத்தி, உடையச் செய்கின்றன. உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனால் ஆபத்து என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. 12 கிலோ மணிக்கு அது 60 கிராம். ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் கொடுத்தாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். வேகவைத்தால் போய்விடும் என்பதும் இல்லை. வதக்கினாலும் பொடித்தாலும் பொரித்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

இதில் ஏமாற்றுவது காலதாமதம். அறிகுறி உடனே தெரியாது; சில நாள் கழித்துத்தான் சோர்வும், ஈறு வெளுப்பதும், சிறுநீர் நிறம் மாறுவதும் வரும். அதற்குள் அந்தக் குழம்பை நாமே மறந்திருப்போம். "நேத்து சாப்பிட்டது நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லாரும் சொல்வது இதனால்தான்.

புளி விஷயம் எனக்கு அதைவிடப் புதிதாக இருந்தது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது கால்நடை மருத்துவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். ஏன் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு அதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. அந்த மாவில் இருந்தது பேக்கிங்குக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டார், அதாவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2021-இல் திராட்சையின் நஞ்சு டார்டாரிக் அமிலமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்து அவர்கள் சேர்த்த பட்டியலில் வந்தது புளி. புளியில் அந்த அமிலம் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாம்பார், ரசம், காரக்குழம்பு, மீன்குழம்பு, நம்ம ஊர் அசாம் லக்சா. வெங்காயமும் பூண்டும் புளியும் இல்லாமல் நம் அடுப்பில் எது இருக்கிறது? பாயசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை. பிரியாணியில் கோழி எலும்பு. வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மிதக்கும் நாசி கண்டார் குழம்பின் கொழுப்பு, சில நாய்களின் கணையத்தை வீங்க வைக்கும். சாக்லேட் வேண்டவே வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையை நிமிடங்களில் கீழே தள்ளிவிடும்.

"எஸ்டேட்டுல எங்க வீட்டு நாய் மிச்சத்தைத் தின்னே வளர்ந்துச்சு," என்பார் அம்மா. நிபோங் தெபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். உண்மைதான். ஆனால் அந்த நாய் கட்டிப்போட்ட நாய் இல்லை. எலி பிடித்தது, பச்சை எலும்பு கடித்தது, நாலு வீட்டில் சாப்பிட்டது. மிச்சம் என்பதே அன்று ஒரு பிடிதான். குழம்பு வழிய வழிய யார் வீட்டில் மிஞ்சியது? இன்னொன்றும் உண்டு. அந்த நாய் எத்தனை வயதில், எதனால் செத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவிடம் இதைக் கேட்டபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, "நாலஞ்சு வருசம் இருந்துச்சோ என்னவோ," என்றார்.

வெறும் கோழிச்சோறு போதாது

பயத்தில் நான் எதிர்ப்பக்கம் போனேன். அந்தச் சமயம் கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: பாக்கெட் நாய் உணவு எல்லாமே விஷம், வீட்டில் சமைத்துக் கொடுங்கள் என்று. முற்றிலும் ஆதாரமில்லாத பயம் என்று தள்ளிவிட முடியாது. 2007-இல் வட அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தார்கள். புரதத்தை அளக்கும் சோதனை, உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் நிறைந்த மெலமினைக் கலந்தால் மலிவு மாவும் உயர்ந்த புரதமாகக் கணக்கில் வந்துவிடும். அதற்கு முன்னால் 2004-இல் ஆசிய நாடுகளிலும் இதே மாதிரி நாய்கள் செத்தன. மலேசியாவும் அதில் ஒன்று.

ஆக, நான் முடிவு செய்துவிட்டேன்: இனி பாக்கெட் வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, வெள்ளைச் சோறு, கொஞ்சம் கேரட். பார்க்கவே சுத்தமாக இருந்தது. இரண்டு மாதம் இப்படியே ஓடியது. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் மறுபடியும் அதே கேள்வி: "என்ன சாப்பிடுகிறது?" நான் நல்ல மாணவன் மாதிரி ஒப்பித்தேன். அவர் சிரித்தார். "சுண்ணாம்புச்சத்து எங்கே இருக்கிறது?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மணி அளவு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 650 கலோரி வேண்டும். 200 கிராம் வெந்த கோழிக்கறியும் 250 கிராம் சோறும் அதைத் தந்துவிடும். ஆனால் 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் கால்சியம் 15 மில்லிகிராம்தான். சோற்றில் அதைவிடக் குறைவு. இரண்டையும் கூட்டினால் நாளுக்கு 60 மில்லிகிராமைக்கூடத் தொடாது. அந்த நாய்க்குத் தேவையோ ஏறக்குறைய 800. மறுபக்கம், கறியில் பாஸ்பரஸ் மட்டும் நிறைய. பாஸ்பரஸ் ஏறி கால்சியம் குறைந்தால், இரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். வளர்ந்த நாய்க்கு இது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். குட்டி என்றால் சில வாரங்களிலேயே கால் வளையும், எலும்பு முறியும்.

கண்ணுக்குத் தெரியும் கெடுதலைத் தவிர்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பட்டினியைப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டு நாய் உணவுச் செய்முறைகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். 95 விழுக்காட்டில் அவசியமான சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல். ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறொன்று என்று மாற்றி மாற்றிச் சமைத்தால் சரியாகிவிடும் என்று நாம் நினைப்போம். அதுவும் எடுபடவில்லை, பல செய்முறைகளில் ஒரே சத்துதான் விட்டுப்போயிருந்தது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை கோழியிலும் சோற்றிலும் கேரட்டிலும் போதுமான அளவு கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது

முழு உணவாகத் தினமும் வீட்டில் சமைத்தே ஆக வேண்டும் என்பவர்கள், நாயின் எடை, வயது, நோய் பார்த்து ஒரு கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் செய்முறையை வாங்குங்கள். அதில் கிராம் கணக்கு இருக்கும், சேர்க்க வேண்டிய சத்துப்பொடியும் இருக்கும். அந்தப் பொடியை "கொஞ்சம் கம்மியா போட்டா என்ன" என்று விடக்கூடாது. முட்டை ஓட்டுப்பொடி கால்சியத்தை மட்டும் ஈடுகட்டும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் அரைத் தேக்கரண்டியில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மற்ற சத்துக்கு அது வழி செய்யாது. பாக்கெட்டில் முழு உணவு என்று விற்கப்படுவதைச் சாப்பிடும் நாய்க்கு இந்தப் பொடியைக் கூடுதலாகப் போடவே கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கெடும்.

நானும் தங்கையும் வேலைக்குப் போகிறவர்கள். பாயான் லெப்பாஸிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது, தராசு வைத்து நாய்க்குச் சமைக்கும் தெம்பு தினமும் இருக்காது. அதனால் நடுவழி ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். பத்தில் ஒன்பது பங்கு, மருத்துவர் சொன்ன முழுமையான உலர் உணவு. மீதி ஒரு பங்கு வீட்டுச் சமையல், அதுவும் பயிற்சிக்கான தின்பண்டமாக. இந்தப் பத்து விழுக்காடு எல்லை கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அதற்குள் இருந்தால், தின்பண்டத்தில் எந்தச் சத்து விட்டுப்போனாலும் நாய்க்குக் குறை வராது. மணிக்கு அது நாளுக்கு 65 கலோரி. பட்டாணி அளவு வெந்த ஈரல் துண்டாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 35 துண்டு. அந்த 35-ஐயும் காலையிலேயே ஒரு டப்பாவில் எண்ணி வைத்துவிடுவோம். டப்பா காலியானால் அன்றைய கதை முடிந்தது.

இந்த ஏற்பாட்டில்தான் அம்மா திரும்பி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசாரிலிருந்து ஈரல் வாங்கி வந்து, எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றேன். அம்மா சற்று நேரம் பார்த்தார். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டார். "பித்தப்பைய உடைச்சிட்டா அவ்வளவும் கசந்துரும். தள்ளு." மறுவாரம் ஒரு பழைய அலுமினியச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, பின்பக்க அடுப்பில் வைத்தார். "இது மணிக்கு. இதுல யாரும் குழம்பு வைக்கக் கூடாது. மணி சாப்பாட்டையும் நம்ம சட்டியில வைக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை பிரச்சினையும் அந்தச் சட்டியாலேயே தீர்ந்தது. எங்கள் வீட்டில் வெள்ளியும் புரட்டாசி முழுக்கவும் அசைவம் அடுப்பேறாது. ஞாயிறன்று செய்து, வாரத்துக்கானதைச் சிறு சிறு பையாக உறையவைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை அடுப்பைத் தொடவே வேண்டாம். புரட்டாசிக்குப் பூசணி பிஸ்கட்டும் சர்க்கரைவள்ளியும் இருக்கின்றன. வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் மாட்டிறைச்சி என்று போட்டிருப்பார்கள். அது இல்லாமல் நாய்க்கு எந்தக் குறையும் வராது. கோழி, மீன், முட்டை போதும்.

நான்கு தின்பண்டங்கள்

எதிலும் உப்பு, சர்க்கரை, மசாலா, எண்ணெய் சேர்க்க வேண்டாம்.

கோழி ஈரல்: 250 கிராம் ஈரலைப் பச்சைப் பித்தம் ஒட்டாமல் சுத்தம் செய்து, வெறும் தண்ணீரில் 10 நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். 150 டிகிரி அவனில் 20 நிமிடம் வைத்தால் மேலே காய்ந்து கையில் ஒட்டாது. அவன் இல்லாவிட்டால் தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டினாலும் போதும். நாய்க்கு இதைவிட மேலான கூலி கிடையாது. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ அதிகம். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போதும்.

கோழி நெஞ்சுக்கறி: மற்ற நாள்களுக்கு இது. வேகவைத்து, நாராகப் பிய்த்து, பிறகு சிறு துண்டாக்குங்கள். காயவைக்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு மெதுவான துண்டுதான் நல்லது; மென்றுகொண்டே நிற்காமல் விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தயாராகும்.

நெத்திலி: இது மலேசிய நாய்க்கே உரிய யோகம். ஆனால் கருவாட்டு நெத்திலியில் உப்பு கடுமை. தலையைக் கிள்ளிவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்றி, பிறகு கொதிக்கவைத்து வடித்து, வெறும் சட்டியில் வறுங்கள். இத்தனை செய்தாலும் கொஞ்சம் உப்பு நிற்கும். நாளுக்கு நாலைந்து போதும். இதயம், சிறுநீரகம் பலவீனமான நாய்க்கு வேண்டாம்.

பூசணி-கேழ்வரகு பிஸ்கட்: இது அம்மாவின் சேர்க்கை. வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கப், முட்டை ஒன்று, கேழ்வரகு மாவு ஏறக்குறைய இரண்டு கப். சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, விரல்நக அளவுக்கு வெட்டி, 170 டிகிரியில் 25 நிமிடம். புரட்டாசியில் முட்டையும் வேண்டாம் என்பவர்கள் பூசணியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். "கேவுருல சுண்ணாம்புச்சத்து இருக்குல்ல, அப்புறம் எதுக்கு முட்டை ஓடு?" என்று அம்மா கேட்டார். இருக்கிறது, தானியங்களில் கேழ்வரகுதான் அதில் முதலிடம். 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் அதிலேயே பாஸ்பரஸும் அதிகம், முழுக் கால்சியத்தையும் உடம்பு எடுத்துக்கொள்வதும் இல்லை. பிஸ்கட்டுக்கு அருமை, அந்தக் கணக்குக்கு ஈடாகாது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை இட்லிச் சட்டியில் அவித்து, வில்லையாக வெட்டிக் காயவைத்தாலும் நல்ல தின்பண்டம். எது செய்தாலும் பினாங்கின் ஈரக்காற்றை மறக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும் பிஸ்கட்டும் மேசை மேல் டப்பாவில் இரண்டு நாள் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் என்றால் உறைபெட்டி. கொஞ்சம் வாடை மாறினாலும் குப்பைக்குத்தான். "நாய்தானே" என்று போடக்கூடாது.

'வா' என்றால் வர வேண்டும்

இத்தனை பாடுபட்டுத் தின்பண்டம் செய்துவிட்டு, அதைச் சும்மா தூக்கிப் போட்டால் வீண். நாய்க்கு அது கூலியாக இருக்க வேண்டும். ஒரு நாய் கற்க வேண்டிய முதல் சொல் 'உட்கார்' இல்லை, 'வா'தான். இந்த ஊரில் அதற்குக் காரணம் உண்டு. 2015-இல் பெர்லிஸிலும் கெடாவிலும் பினாங்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெருநாய்களைக் கொல்லும்படி மாநில அரசு உத்தரவிட்டது. விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, ஊரே இரண்டுபட்டது. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. கழுத்துப்பட்டையில்லாமல் வீதியில் நிற்கும் நாய் யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்பது மட்டும் அன்று எல்லாருக்கும் புரிந்தது. தடுப்பூசியும் உரிமமும் கழுத்துப்பட்டையும் ஒரு பக்கம். கூப்பிட்டால் திரும்பி வருவது மறுபக்கம்.

முறை எளிது. வீட்டுக்குள், சத்தமில்லாத நேரத்தில், இரண்டடி தூரத்தில் நின்று பெயரைச் சொல்லி ஒரே ஒரு முறை 'வா'. வந்த அந்த நொடியே துண்டு வாயில் விழ வேண்டும். டப்பாவைத் திறந்து தேடுவதற்குள் நாய் உட்கார்ந்து, எழுந்து, குரைத்திருக்கும். கடைசியாகச் செய்ததற்குத்தான் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் துண்டு முதலிலேயே கைக்குள் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பிறகு முற்றம், பிறகு நீளக் கயிற்றோடு திடல். வீட்டுக்குள் உலர் உணவின் ஒரு மணியே கூலியாகப் போதும். வெளியே பூனையும் மோட்டார் சைக்கிளும் இருக்கும் இடத்தில் ஈரலை எடுங்கள். கடினமான வேலைக்கு உயர்ந்த சம்பளம். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் தர வேண்டியதில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்கு நாய் இன்னும் ஆவலாக ஓடிவரும்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். 'வா' என்று கூப்பிட்டுத் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், மாத்திரை திணிக்காதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நல்லதுதான் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தப் பாடத்தை அதிகம் நடத்தியது அம்மாதான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பகலெல்லாம் முன்னறைக்கும் பின்கட்டுக்கும் இடையில் 'மணி, வா' நடந்துகொண்டிருக்கும். மாலையில் டப்பாவைப் பார்த்தால் எல்லாம் சரியாக எண்ணித் தீர்ந்திருக்கும்.

இந்த ஆண்டு சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு. ஹோக்கியன் மக்கள் கரும்பு கட்டி ஜேட் பேரரசரை வழிபடும் இரவு. நள்ளிரவில் இந்தத் தீவு முழுக்க வாணம் வெடிக்கும் என்பது தெரிந்தும், நாங்கள் மணியை உள்ளே பூட்டிவைக்க மறந்துவிட்டோம். தங்கை காரை உள்ளே விடக் கேட்டைத் திறந்த அதே நேரம் முதல் வாணம் வெடித்தது. மணி பாய்ந்து ஓடிவிட்டது. நான் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாக ஓடிக் கத்தினோம். அது எங்கள் குரலுக்கு இன்னும் தள்ளிப் போனது. நாங்கள் துரத்துவதாகவே அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அம்மா ஓடவில்லை. கேட்டருகே வந்து நின்று, பகலில் கூப்பிடும் அதே குரலில், ஒரே ஒரு முறை, "மணி, வா," என்றார்.

தெருமுனை வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்தது. உடம்பு முழுக்க நடுக்கம், வயிறு தரையைத் தொட, வாலை இடுக்கிக்கொண்டு, ஆனால் வந்தது. அம்மாவின் கையில் ஈரல் துண்டு இருந்தது. மணி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயந்த நாய்க்குப் பசி தெரியாது. அந்த நேரத்தில் தின்பண்டம் அதைக் கூட்டி வரவில்லை. ஓராண்டுக்கும் மேலாகத் தினமும் எண்ணி எண்ணிக் கொடுத்ததுதான் கூட்டி வந்தது. அம்மா கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், கதவைச் சாத்தி, வாணம் ஓயும்வரை அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு அந்த இரவில் மாலையிலிருந்தே மணி உள்ளறையில்தான் இருக்கும். அதை இப்போதே நாள்காட்டியில் குறித்துவிட்டேன்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டில் சாப்பாடு மிஞ்சலாம். வாசலில் ஒரு ஜோடிக் கண்கள் காத்திருக்கலாம். குழம்புச் சட்டியைச் சாய்க்கும் முன், அதில் என்னென்ன போட்டீர்கள் என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பழைய சட்டி ஒன்றைத் தேய்த்துத் தனியாக வையுங்கள். அதில் கால் கிலோ கோழி ஈரலை, உப்பில்லாமல், பத்து நிமிடம்.